நீண்ட கதைக் கவிதையை முடிப்பது எப்படி?

கதை சொல்லும் நீண்ட கவிதை ஒன்றைத் தொடங்குவதற்கு யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு வரி வரும், அது நாலு வரியை இழுத்துக்கொண்டு வரும், கொஞ்ச நாள் தூக்கம் கெடும், ஒரு நோட்டு நிரம்பும். முடிப்பதுதான் பெரும்பாடு. தனியாக உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கு இன்னும் பெரும்பாடு, ஏனென்றால் "போதும் நிறுத்து" என்று சொல்லவும் ஆள் கிடையாது, "எங்கே அந்தக் கடைசிப் பகுதி" என்று கேட்டு நச்சரிக்கவும் ஆள் கிடையாது.

நான் தூத்துக்குடியில் தனியாக இருக்கிறவன். தனுஷ்கோடியை அழித்த 1964 புயலை வைத்து ஒரு கதைப்பாட்டு எழுதி, வருடக்கணக்கில் இழுத்து, இப்போதுதான் முடித்திருக்கிறேன். சூடு ஆறுவதற்குள், முடிப்பதைப் பற்றி மட்டும் எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. நான் எழுதியது பெரும்பாலும் அகவலில், அதாவது ஆசிரியப்பாவில், நடுநடுவே சிந்து. நீங்கள் புதுக்கவிதையில் எழுதினாலும் இதில் முக்கால்வாசி உங்களுக்கும் பொருந்தும். யாப்பு பற்றிய பகுதியை மட்டும் தாண்டிப் போங்கள், அல்லது தாண்டாமல் படித்துவிட்டு என்னைத் திட்டுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கு முடிவு தெரியவில்லையா, அல்லது முடிக்க மனமில்லையா? வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்: நோட்டைத் திறப்பீர்கள், பழைய பகுதியில் ஒரு சொல்லை மாற்றுவீர்கள், மூடுவீர்கள். ஆனால் இரண்டுக்கும் மருந்து வேறு. முடிவு தெரியாதவருக்குப் பழைய பக்கங்களில் வேலை இருக்கிறது. முடிக்க மனமில்லாதவருக்குப் பிரச்சினை பக்கத்தில் இல்லை, வீட்டில் இருக்கிறது. எது உங்கள் நோய் என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: கடைசிப் பகுதியில் என்ன நடக்கும் என்று நாலு வரி உரைநடையில் எழுதுங்கள். எழுத முடிந்தால் உங்களுக்கு முடிவு தெரியும், மனம்தான் இல்லை. எழுத வராமல் திணறினால் உண்மையிலேயே முடிவு தெரியவில்லை.

முடிவு தெரியாதவர்களுக்கு

கதையில் நடந்ததெல்லாம் முடிகிற இடத்தில்தான் பாட்டும் முடிய வேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. பாரதியைப் பாருங்கள். மகாபாரதம் பதினெட்டு நாள் போர் வரைக்கும், அதற்குப் பிறகும் போகிற கதை. அவர் எடுத்துக்கொண்டது ஒரு சூதாட்டத்தை, ஒரு சபையை. ஐந்து சருக்கம், ஐந்தாவது சபதச் சருக்கம். பாஞ்சாலி சபதம் சொன்னதும் 'நாமும் கதையை முடித்தோம்' என்று சொல்லி எழுந்துவிடுகிறார். போர் வரவில்லை, துச்சாதனன் சாகவில்லை, அவள் கூந்தல் முடியவில்லை. எதுவும் நடக்கவில்லை, ஆனால் பாட்டு முடிந்துவிட்டது, ஏனென்றால் பாட்டு தன் முதுகில் ஏற்றிக்கொண்டது அந்த அவமானத்தையும் அதற்கு வந்த பதிலையும்தான். பதில் வந்தாயிற்று, மீதி எல்லாருக்கும் தெரியும். இத்தனைக்கும் அவர் முதல் பாகத்தை 1912-இல் வெளியிட்டார். இரண்டாம் பாகம் அச்சில் வந்தது 1924-இல், அவர் 1921-இல் போன பிறகு. முழுப் புத்தகத்தை அவர் கண்ணால் பார்க்கவில்லை.

இதற்கு நேர் எதிரான உதாரணம் சிலப்பதிகாரம். மதுரை எரிந்ததும் முடிக்கலாம் என்றுதான் நமக்குத் தோன்றும். அதற்குமேல் என்ன இருக்கிறது? ஆனால் அதற்குப் பிறகு வஞ்சிக் காண்டம் என்று ஒன்று வருகிறது, செங்குட்டுவன் இமயத்துக்குப் போய்க் கல் எடுத்து வருகிறான். அது பிற்சேர்க்கை என்று சொல்கிற அறிஞர்கள் உண்டு. அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. எழுதுகிறவன் கண்ணோடு பார்த்தால் ஒரு விஷயம் தெரிகிறது: பதிகத்திலேயே, அதாவது நூலின் முன்னுரைப் பாட்டிலேயே, மூன்று சரக்குக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. அரசு பிழைத்தால் அறம் எமனாகும், பத்தினியை உயர்ந்தோர் போற்றுவர், ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும். முதலாவதும் மூன்றாவதும் மதுரையிலேயே தீர்ந்துவிடுகின்றன. இரண்டாவது தீர வேண்டுமானால் வஞ்சிக்குப் போயே ஆக வேண்டும். வாக்கு முதலில் வந்ததோ கதை முதலில் வந்ததோ, நம் கையில் இருக்கும் நூலில் கணக்கு நேராகிறது.

ஆக, செய்ய வேண்டிய வேலை இதுதான். உங்கள் பாட்டின் முதல் பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கேட்பவனுக்கு நீங்கள் என்னென்ன கடன் பட்டிருக்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒருத்தி கோபித்துக்கொண்டு போனால், திரும்பி வருவாளா என்பது கடன். ஒரு கிணற்றைப் பற்றி எட்டு வரி பாடியிருந்தால் அந்தக் கிணறும் கடன்தான், அதை மறுபடி காட்டியாக வேண்டும். பட்டியல் போட்ட பிறகு எது பெரிய கடன், எது சில்லறை என்று பிரியுங்கள். பெரிய கடன் தீருகிற இடம் உங்கள் முடிவு. சில்லறைக் கடன்களில் பாதியை அதற்கு முன்பே தீர்த்துவிடுங்கள், மீதியைத் தள்ளுபடி செய்யுங்கள்; எல்லாக் கடனையும் கடைசிப் பகுதியில் தீர்க்கப் போனால் அது வங்கிக் கிளையில் மார்ச் மாதக் கடைசி நாள் மாதிரி ஆகிவிடும்.

என் பாட்டில் எப்படி என்றால்: ரோசம்மா என்று ஒருத்தி. தனுஷ்கோடியில் கருவாடு விற்கிறவள். அந்தக் காலத்தில் சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரைக்கும் போட் மெயில் வரும், அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். அந்தப் பயணிகள்தான் அவளுக்குப் பிழைப்பு. புருஷன் ரயில்வேயில் கேங்மேன், தண்டவாளம் பார்க்கிற வேலை. 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்த பயணி ரயில் அலையில் போனது, நூற்றுக்கும் மேல் ஆட்கள் அதில் போனார்கள். அந்த ரயிலில் அவனும் ஒருவன். இவள் பிழைத்துக்கொள்கிறாள். ரோசம்மாவும் புருஷனும் என் கற்பனை, ரயிலும் புயலும் நடந்தவை.

இந்தக் கதைக்கு எங்கே வேண்டுமானாலும் முடிவு வைக்கலாம். ரயில் போன இரவோடு முடிக்கலாம், பரபரப்பாக இருக்கும். ஊரை வாழத் தகுதியற்ற இடம் என்று அரசாங்கம் அறிவித்ததோடு முடிக்கலாம். சோகமாக இருக்கும், அழுதுவிட்டுப் போவார்கள். உடைந்த பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்ததைப் பாடி நம்பிக்கையோடு முடிக்கலாம். அது அருமையான கதை, ஆனால் பொறியாளர்களுடைய கதை, ரோசம்மாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பட்டியல் போட்டுப் பார்த்தபோது என் முதல் பகுதியில் மிகப் பெரிதாக நின்றது புயலே இல்லை, தண்டவாளம். சிறுமியாக அதன்மேல் கைவிரித்து நடக்கிறாள், அதில் காது வைத்து ரயில் வருவதைச் சொல்கிறாள், அதைப் பார்க்கிறவனையே கட்டிக்கொள்கிறாள். அப்படியானால் புயலுக்குப் பிறகு அவள் அந்தத் தண்டவாளத்தை என்ன செய்வாள் என்பதுதான் கடன். அவள் அதைத் தாண்ட மாட்டாள். மணலில் பாதி புதைந்து, வண்டியே வராத இரும்பு, ஆனாலும் தாண்ட மாட்டாள், சுற்றிக்கொண்டுதான் போவாள். பாட்டு முடிகிற இடம் அவள் தாண்டுகிற இடம். அவ்வளவுதான்.

முடிவு இப்படிச் சின்னதாக இருந்தால் ஒரு வேலை கூடும். அந்தச் சின்னச் செயலுக்குக் கனம் வர வேண்டுமானால் முன்னாலேயே பல இடங்களில் அதைத் தொட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். ஆகவே முடிவு தெரிந்த அன்று கடைசிப் பகுதியை எழுத உட்காராதீர்கள். நடுப்பகுதிக்குப் போங்கள். அவள் சுற்றிப் போகிறாள் என்பதை ஒரு இடத்தில் போகிற போக்கில் ஒரே வரியில், இன்னொரு இடத்தில் வேறு ஒருத்தி கேலி செய்வதாக, இன்னொரு இடத்தில் மழையில் அவசரமாக ஓடும்போதும் சுற்றியே ஓடுவதாக வையுங்கள். காரணம் சொல்லாதீர்கள். மூன்றாம் முறை வரும்போது கேட்கிறவர் தானாகவே காரணத்தைக் கண்டுபிடித்திருப்பார், அதற்கு அப்புறம் அந்தக் காரணம் அவருடைய சொத்து.

யாப்பு வைத்திருக்கும் பிரேக்

நேரிசை ஆசிரியப்பாவில் கடைசிக்கு முந்திய அடிக்கு மூன்றே சீர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். ஏன் அப்படி என்று யாரும் சொன்னதில்லை. எழுதிப் பார்த்தால் தெரியும்: நாலு சீர் நாலு சீராக ஓடிப் பழகிய காது, திடீரென்று ஒரு சீர் குறைந்ததும் சுதாரித்துக்கொள்கிறது. அடுத்த அடியோடு நிற்கப் போகிறது என்று தெரிந்துவிடுகிறது. வெண்பாவில் அதே வேலையைக் கடைசி அடி செய்கிறது, மூன்று சீர், கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்று சட்டென்று மூடும். கலிவெண்பா எத்தனை நூறு அடி ஓடினாலும் கடைசியில் வெண்பா மாதிரியே பூட்டிக்கொள்ளும். எல்லா அடியும் நாலு சீரான நிலைமண்டில ஆசிரியப்பாவுக்கு இந்தக் குறுகிய அடி கிடையாது, அதனால்தானோ என்னவோ சிலம்பில் பல காதைகள் 'என்' என்று ஓசை கொடுத்து முடிகின்றன. விருத்தத்துக்கு இந்த வசதிகூட இல்லை. ஒவ்வொரு பாட்டும் ஒரே அளவில் மூடிக்கொண்டே போகும், எது கடைசி என்று காதுக்குத் தெரியாது. விருத்தத்தில் எழுதுகிறவர்கள் முடிவைப் பொருளால்தான் உணர்த்த வேண்டும், அல்லது ஒரு சொல்லால். பெரியபுராணம் 'உலகெலாம்' என்று தொடங்கி, நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களுக்கு அப்பால் 'உலகெலாம்' என்றே முடிகிறது. அதைப் பார்த்துவிட்டு நாமும் முதல் சொல்லைக் கடைசியில் கொண்டுவந்து ஒட்டலாம் என்று ஆசை வரும். சேக்கிழாருக்கு அது பொருந்தியது, பாட்டு முழுக்க அந்த உலகத்து அடியார்களைப் பற்றியே என்பதால். நமக்குப் பெரும்பாலும் அது வித்தை காட்டுவதாகத்தான் போய் முடியும்.

புதுக்கவிதைக்காரர்களுக்கும் இதில் ஒரு சேதி உண்டு. உங்கள் வரிகள் சராசரியாக எவ்வளவு நீளம் என்று பாருங்கள். கடைசிக்குச் சற்று முன்னால் ஒரு குட்டி வரி வையுங்கள். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

கடைசிப் பகுதிக்குப் புது மெட்டு கொண்டுவராதீர்கள் என்பது என் கட்சி. புயல் வரும் இடத்தில் சந்தம் மாறலாம், மாற வேண்டும். சிலம்பில் கொலைக்களக் காதை முடிந்த கையோடு ஆய்ச்சியர் குரவை வருகிறது, கோவலன் வெட்டுண்ட செய்தி தெரியாத பெண்கள் கைகோத்து ஆடுகிறார்கள், அந்தப் பாட்டு கேட்கக் கேட்க வயிறு கலங்குகிறது. மெட்டு மாற்றத்துக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் முடிவில், கேட்பவருக்கு ஏற்கெனவே பழகிய மெட்டு வேண்டும். புது மெட்டு வந்தால் காது அதைக் கற்றுக்கொள்ளப் போய்விடும், கதையை விட்டுவிடும்.

எதுகை உங்களை எழுதும் இடங்கள்

முடிவை நெருங்கும்போது களைப்பு வரும். களைப்பு வந்தால் எதுகை தானாக வந்து விழும். நான் வெட்டிப் போட்ட ஒரு வரிக்கூட்டம்:

கண்ணீர் வடித்தாள் கலங்கி நின்றாள்
தண்ணீர் எடுக்கத் தயங்கி நின்றாள்
எண்ணி எண்ணி ஏங்கி நின்றாள்

இலக்கணத்தில் குற்றம் சொல்ல முடியாது. எதுகை இருக்கிறது, மோனை இருக்கிறது. ஆனால் இதில் ரோசம்மா இல்லை. எந்த ஊரில் எந்தப் பெண் எந்தத் தண்ணீருக்குப் போனாலும் இந்த மூன்று வரியை ஒட்டிக்கொள்ளலாம். கண்ணீர் வந்தால் தண்ணீர் வரும் என்பது தமிழில் எழுதுகிற எவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். அவர் அடுத்த சொல்லை நமக்கு முன்பே சொல்லிவிடுவார். பதிலுக்கு வைத்தது:

குடத்தை இடுப்பில் கொண்டவள் நின்றாள்
தடத்தின் இரும்பில் தகித்தது வெயிலே
கிடந்த கட்டைமேல் மணலே
கடந்தது நிழல்தான் கால் கடக்கவில்லை

அவள் அழுதாள் என்று எங்கும் சொல்லவில்லை. நிழல் தாண்டிவிட்டது, அவள் தாண்டவில்லை. இது பாட்டின் கடைசி இல்லை, கடைசிக்கு முந்திய முயற்சி; அடுத்த பகுதியில் தாண்டுகிறாள்.

எப்படிச் சலிப்பது என்றால், கடைசிப் பகுதியில் உள்ள உணர்ச்சிச் சொற்களை எல்லாம் அடிக்கோடிடுங்கள்: கலங்கினாள், ஏங்கினாள், துடித்தாள், உருகினாள், விம்மினாள். ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் அவள் கண்ணுக்கு எதிரே என்ன பொருள் இருக்கிறது என்று கேளுங்கள். குடம், இரும்பு, சிலிப்பர் கட்டை, மணல். தனுஷ்கோடியில் இன்றைக்கும் மணலைக் கொஞ்சம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும், சுற்றிலும் உப்புக் கடலாக இருக்கும்போதே. அப்படி ஒரு தகவல் கையில் இருக்கும்போது 'ஏங்கி நின்றாள்' எதற்கு?

இதோடு சேர்ந்தது இன்னொரு விஷயம், நடந்த சம்பவத்தை வைத்து எழுதுகிறவர்களுக்கு. எதுகைக்காகக் காலத்தை மாற்றாதீர்கள். அந்த டிசம்பர் 22 ஒரு செவ்வாய்க்கிழமை. மார்கழி முதல் வாரம் கழிகிற சமயம். பௌர்ணமி முடிந்து மூன்று நாள். கிறிஸ்துமஸுக்கு இன்னும் மூன்று நாள். 'அமாவாசை' என்று போட்டால் ஓசை அழகாக விழும், இருட்டுக்கும் வசதி, ஆனால் பொய். நிலா இருந்தது, மேகம் மறைத்தது என்று வைத்தால் இருட்டும் கிடைக்கும், உண்மையும் நிற்கும், மேகத்துக்குப் பின்னால் ஒரு நிலா ஒளிந்திருக்கிறது என்பது பாட்டுக்குக் கூடுதல் வரவு. நாள், கிழமை, திதி, வயது, உறவுமுறை எல்லாவற்றையும் ஒரு தனி நோட்டில் வைத்துக்கொண்டு, கடைசிப் பகுதி முடிந்ததும் முழுப் பாட்டையும் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏழு வயதில் பல் விழுந்த பையன் நாற்பது பக்கம் கழித்து ஐந்து வயதில் நடமாடுவான். நெடும்பாட்டில் இது சகஜம்.

கேட்க ஆள் வேண்டும்

தனியாக இருப்பது எழுதுவதற்கு நல்லது. முடிப்பதற்கு அவ்வளவு நல்லதில்லை. கம்பன் திருவரங்கத்தில் அரங்கேற்றினார், சேக்கிழார் தில்லையில் அரங்கேற்றினார் என்று மரபாகச் சொல்கிறார்கள். அத்தனை பேர் முன்னால் வாசித்தால் தொய்கிற இடம் முகத்திலேயே தெரிந்துவிடும். நமக்கு அந்த வாய்ப்பு இல்லை. முதல் மாற்று, கைபேசி. ஒரு பகுதியை வாசித்துப் பதிவு செய்துவிட்டு, உடனே கேட்காதீர்கள். ஒரு வாரம் போகட்டும். அப்புறம் சமைக்கும்போதோ துணி காயப்போடும்போதோ கேளுங்கள், கையில் பிரதி இருக்கக் கூடாது. எந்த இடத்தில் உங்கள் மனம் வெங்காயத்துக்குப் போனதோ அந்த இடம் தொய்வு. எங்கே கை நின்றதோ அந்த இடத்தைத் தொடாதீர்கள்.

இரண்டாவது மாற்று, கவிதை வாசிக்காத ஒருவர். கவிஞர் நண்பர்கள் இருந்தால் அவர்களுக்குப் பிறகு கொடுங்கள், அவர்கள் சொல்லாட்சி பேசுவார்கள், முடிவைப் பற்றி மரியாதைக்கு ஏதாவது சொல்வார்கள். என் பக்கத்து வீட்டு ஆச்சி சாயங்காலம் வாசலில் உட்காருவார். அவரிடம் பகுதி பகுதியாக வாசித்தேன். எதுகை, மோனை எல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. ரயில் போன பகுதியை வாசித்து முடித்ததும் நான் எதிர்பார்த்தது கண்ணீர். அவர் கேட்டது: "அது சரி தம்பி, அந்தப் பிள்ளைக்குக் குடிக்கத் தண்ணி?" எனக்கு முடிவைக் கொடுத்தது அந்தக் கேள்விதான் என்றால் மிகையில்லை. தண்டவாளத்தைத் தாண்ட வேண்டும் என்று தெரிந்திருந்தது, எதற்காகத் தாண்டுவாள் என்று தெரியாமல் இருந்தது. தண்ணீருக்குத்தான். ஊற்று அந்தப் பக்கம் இருக்கிறது.

ஆகவே கேட்பவரிடம் "எப்படி இருக்கிறது" என்று கேட்காதீர்கள். "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். பேசாமல் இருங்கள். அவர் முதலில் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். அவர் கேட்பதுதான் உங்கள் பாட்டு அவரிடம் பட்டிருக்கும் கடன், உங்கள் பட்டியலில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

முடிக்க மனமில்லாதவர்களுக்கு

இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை, பேசினால் சிரிப்பார்கள் என்று ஒரு கூச்சம். வருடக்கணக்கில் ஒருத்தியோடு இருந்திருக்கிறோம். காலையில் எழுந்ததும் அவள் இன்று என்ன செய்வாள் என்றுதான் முதல் நினைப்பு. முடித்துவிட்டால் அந்த நினைப்பு இருக்காது. குடும்பம், அலுவலகம் என்று இருப்பவர்களுக்கு அந்த இடம் உடனே வேறு எதனாலாவது நிரம்பிவிடும். தனி ஆளுக்கு நிரம்பாது. அதனால் கை தானாகவே தாமதப்படுத்தும். முதல் பகுதியில் ஒரு அசையைச் சரிசெய்யும், ஒரு கிளைக்கதை சேர்க்கும், மேலும் ஆராய்ச்சி வேண்டும் என்று ராமேஸ்வரத்துக்கு பஸ் ஏறும். எல்லாம் வேலை போலவே இருக்கும்.

இதற்கு நான் கண்ட வழி, கடைசிப் பகுதியை எழுதத் தொடங்கும் முன்பே அதற்கு அடுத்து என்ன செய்வது என்று ஏற்பாடு செய்துவிடுவது. இன்னொரு காவியம் வேண்டாம், அது ஏமாற்று. பழையதை முடிக்காமலே புதியதற்குத் தாவிவிடுவீர்கள். கையால் செய்கிற ஏதாவது வேலை. எனக்கு, வீட்டில் கிடந்த பழைய புத்தகங்களுக்கு அட்டை போடுவது. இன்னொன்று, கடைசிப் பகுதியைக் காலையில் எழுதுங்கள், ராத்திரியில் எழுதாதீர்கள். ராத்திரி எழுதினால் முடித்த கையோடு இருட்டில் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டிவரும். காலையில் முடித்தால் எழுந்து போய் ஒரு டீ குடிக்கலாம், கடையில் நாலு பேர் இருப்பார்கள், எவரும் உங்களை வாழ்த்தப் போவதில்லை, ஆனால் நாலு பேர் இருப்பார்கள்.

முடிக்காமலே விட்டால் என்ன என்றும் கேட்கலாம். விடலாம். உமறுப்புலவரின் சீறாப்புராணம் மூன்று காண்டம், ஐயாயிரம் பாடல்களுக்கு மேல் போயும் நபிகளின் வாழ்க்கை முழுவதையும் பாடி முடிக்கவில்லை. பிறகு பனீ அகமது மரைக்காயர் சின்னச் சீறா பாடி மீதியைச் சொன்னார். வில்லிபுத்தூரார் பாரதம் போரோடு நிற்கிறது, நல்லாப்பிள்ளை பிற்காலத்தில் விரித்துப் பாடினார். ஆனால் நமக்கு ஒரு மரைக்காயரோ நல்லாப்பிள்ளையோ வந்து எழுதித்தரப் போவதில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு விடுங்கள்.

நிறுத்திய பிறகு

பெரும்பாலும் நிறுத்த வேண்டிய இடத்தைத் தாண்டி ஒரு எட்டு வரி எழுதியிருப்போம். அந்த எட்டு வரியில் கதை ஒன்றும் நகராது, கடல் வரும், வானம் வரும், காலம் என்ற சொல் வரும். அதை மறைத்துவிட்டு அதற்கு முந்திய வரியோடு நிறுத்திப் படித்துப் பாருங்கள். பத்துக்கு எட்டு தடவை அங்கேயே முடிந்திருக்கும். என் பாட்டு அவள் ஊற்றைத் தோண்டக் குனிவதோடு நிற்கிறது. தண்ணீர் வந்ததா என்று ஆச்சி கேட்டார். "அங்கே தோண்டினால் வராமல் இருக்குமா ஆச்சி" என்றேன். "ஆமா, வரும்" என்று அவரே சொல்லிவிட்டார், பிறகு நான் எதற்கு எழுத வேண்டும்?

வாழி பாட வேண்டுமா என்பது தனிக் கேள்வி. வில்லுப்பாட்டில் கதை முடிந்ததும் வாழி பாடித்தான் எழுவார்கள். கேட்டவர், கொடை என்கிற கோயில் திருவிழாவை நடத்தியவர், ஊர், எல்லாரும் வாழ்க என்று பாடி, கதைக்குள் போனவர்களை ஊருக்குள் திருப்பி விடுகிற காரியம் அது. பாரதியும் கதையை முடித்தோம் என்று சொன்ன கையோடு நானிலம் இன்பத்தில் வாழ்க என்கிறார். கோயில் கொடையில் பாடப் போகிற பாட்டு என்றால் வாழி இல்லாமல் முடிக்காதீர்கள், ஊரில் ஒப்ப மாட்டார்கள். புத்தகத்தில் தனியாகப் படிக்கப் போகிற பாட்டு என்றால் அவர் புத்தகத்தை மூடினாலே போதும். என்னுடையது புத்தகத்துக்கு, ஆகவே வாழி இல்லை.

அச்சுக்குப் போகும்போது சில காரியங்கள். டெமி அளவுப் புத்தகத்தில் அகவல் அடி வசதியாக அடங்கும். எண்சீர் விருத்தம், நீளமான சிந்து அடியெல்லாம் மடங்கி அடுத்த வரிக்கு வரும், மடங்கின இடத்தைப் படிக்கிறவர் புது அடி என்று நினைத்துக்கொள்வார். எங்கே மடக்க வேண்டும் என்று நீங்களே முடிவு செய்து, மடக்கிய பகுதியைச் சற்று உள்ளே தள்ளி வைக்கச் சொல்லுங்கள், வடிவமைப்பவர் விருப்பத்துக்கு விடாதீர்கள். சீர் பிரித்து அச்சிடுவதா, சொல் பிரித்து அச்சிடுவதா என்பதையும் முதலிலேயே தீர்மானியுங்கள். மேலே 'கால் கடக்கவில்லை' என்று எழுதியதைச் சீர்ப்படி போட்டால் 'கால்கடக் கவில்லை' என்று வரும். புலவர்களுக்கு அது பிடிக்கும். மற்ற எல்லாரும் 'கவில்லை' என்றால் என்ன என்று யோசிப்பார்கள். நான் சொல் பிரித்தே போட்டிருக்கிறேன். அஞ்சு அடிக்கு ஒரு முறை ஓரத்தில் எண் போடுவது பழைய நூல் பதிப்புகளில் இருக்கும் வழக்கம், மெய்ப்புப் பார்க்கும்போது தொலைபேசியில் "212-ஆம் அடி, மூன்றாம் சீர்" என்று சொல்ல அதைப் போல வசதி கிடையாது. 16 பக்கம் ஒரு ஃபாரம் என்று கணக்கு. உங்கள் பாட்டு ஒரு ஃபாரத்தைத் தாண்டி இரண்டு பக்கம் வழிந்தால், பாட்டை வெட்டாதீர்கள், முன்னுரையை வெட்டுங்கள்.

யூனிகோடில் தட்டச்சு செய்து கொடுத்தாலும் சில அச்சகங்களில் வேறு எழுத்துருவுக்கு மாற்றுவார்கள், அப்போது கொம்பும் காலும் இடம் மாறும், 'கொ' உடைந்து நிற்கும். மாற்றிய பிறகு வருகிற படிவத்தைத்தான் மெய்ப்புப் பார்க்க வேண்டும், மாற்றும் முன் பார்த்தது கணக்கில் வராது. பார்க்கும்போது கடைசிப் பகுதியிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வாருங்கள். முதலிலிருந்து படித்தால் கடைசிப் பகுதிக்கு வரும்போது கண் அயர்ந்திருக்கும், அதுவும் நாமே எழுதிய முடிவு என்பதால் தாளில் இல்லாத சொல்லையும் மனம் படித்துக்கொண்டு போய்விடும்.